ரைசிங் செக்‌ஷனின் சுத்தமான காற்று

பல்கலைக்கழகத்திலிருந்து ஒரே வேனில் ஆறு துறை வந்து இறங்கியது. நெஞ்சு மருத்துவம், வேதியியல், ஜவுளிப் பொறியியல், சமூகவியல், புள்ளியியல், கடைசியாக வானிலை. மழை பார்க்கிற ஆளுக்குப் பனியன் கம்பெனியில் என்ன வேலை என்று வாட்ச்மேனே கேட்டுவிட்டார். ஷெட்டுக்குள் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வந்தாராம். ஆளுக்கொரு பெட்டி. அடுத்தவர் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. சீர்த்தட்டு மாதிரி மூடியபடியே தூக்கிக்கொண்டு போனார்கள்.

அவிநாசிபாளையம் ரோட்டில் இருக்கிறது பொங்கியண்ணன் கம்பெனி. குளிர்நாட்டுக்காரர்கள் போடுகிற ஸ்வெட்டர்த் துணிக்கு உள்பக்கம் பூனைமுடி போலப் பஞ்சு எழுப்ப வேண்டும். கம்பிப் பல் வைத்த உருளைகள் துணியைச் சுரண்டிச் சுரண்டி அதைச் செய்யும். அந்த இடத்துக்குப் பேர் ரைசிங் செக்‌ஷன். எழும்பின பஞ்சில் கொஞ்சம் துணியில் நிற்கும். மீதி யார் நெஞ்சுக்குள் போகிறது என்பதுதான் பல்கலைக்கழகத்தின் கேள்வி.

வருகிறோம் என்று முறைப்படி முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்தார்கள். படித்தவர்களின் மரியாதை அது. வினையும் அதுதான்.

சேதி வந்த அன்றைக்கே பொங்கியண்ணன் ஜாவித்தைக் கூப்பிட்டார். துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் அனுப்புகிற ஆட்கள் ஆடிட்டுக்கு வந்தால், கம்பெனியைப் பெண் பார்க்க வருகிற வீடு போல ஆக்கிவைப்பது ஜாவித்தின் வேலை. அவன் குடும்பம் மூன்று தலைமுறையாகத் துணி யாவாரம். கிழிசல் இருக்கிற பக்கத்தை உள்ளே வைத்து மடிக்கத் தெரிந்த கை.

"ஏப்பா ஜாவித்து, காலேஜுக்காரங்க வர்றாங்களாம். இது ஆடிட்டா, வேற என்னமுமா?"

"நோட்டு எடுத்துட்டு வந்து கேள்வி கேட்டா ஆடிட்டுதானுங்க."

"அப்ப ஒரு கொறையும் இருக்கக் கூடாது."

இருக்கவில்லை. தரை கழுவப்பட்டது. வருஷம் முழுக்கத் தூங்குகிற எக்ஸாஸ்ட் ஃபேன்கள் முதல்நாளே ஓட ஆரம்பித்தன. பாதி மிஷின் ரிப்பேர் என்று நிறுத்தப்பட்டது. எல்லாருக்கும் முகமூடி, எல்லாருக்கும் பதில். மூச்சு வாங்குதா? இல்லீங்க. தூசி இருக்குதா? இல்லீங்க. சந்தோசமா இருக்கீங்களா? ரொம்ப சந்தோசமுங்க. இருமுகிறவர்களுக்குச் சம்பளத்தோடு லீவு. அதில் ஜாவித்தின் தங்கை நசீமாவும் ஒருத்தி.

"எனக்கெதுக்குண்ணா லீவு? வேலை செய்ய முடியுது."

"செய்ய முடியுது. இருமாம செய்ய முடியுதா?"

ஆறு பெட்டிகளும் திறந்தன, மூடின. வேதியியல்காரர் காற்றை உறிஞ்சி எடுத்தார். நெஞ்சு டாக்டர் கீதாஞ்சலி ஒவ்வொருவராக மூச்சளக்கும் குழாயில் ஊதச் சொன்னார். சந்தேகப்பட்டது ஒரே ஒரு பெண்தான், புள்ளியியலில் ஆராய்ச்சி செய்யும் கவிப்பிரியா.

"சார், உங்க கம்பெனியில எல்லாரும் ஒரே வார்த்தையில பதில் சொல்றாங்க."

"ஒத்துமைங்க மேடம்."

"மனுசங்க இப்பிடிப் பேச மாட்டாங்க சார்."

"திருப்பூருக்கு நீங்க புதுசுங்களா?" என்றான் ஜாவித். அவள் சிரிக்கவில்லை. போகிற வழியில் வேனுக்குள் சொல்லிப் பார்த்தாளாம். காற்றும் சுத்தம், நெஞ்சும் சுத்தம், ஆறு துறையும் ஒத்துப் போகிறது, உனக்கு மட்டும் என்ன என்று கேட்டார்களாம்.

சில மாதத்தில் முடிவு வந்தது. அளந்த கம்பெனிகளிலேயே பொங்கியண்ணன் கம்பெனிதான் சுத்தம். மற்ற இடங்களின் தூசியை இதோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்களாம், அளவுகோலே இதுதானாம். பொங்கியண்ணன் அதைச் சட்டம் போட்டு ஆபீஸில் மாட்டினார். ஜாவித்துக்குக் கைகொடுத்தார். அவர் சுலபத்தில் கைகொடுக்கிற ஆள் இல்லை.

நசீமாவுக்கு இருமல் நிற்கவில்லை. மாடிப்படி ஏறும்போது நடுவில் உட்கார ஆரம்பித்தாள். ஜாவித் அவளைப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். நாற்காலியில் இருந்தது டாக்டர் கீதாஞ்சலி.

சளியில் காசநோய் இல்லை. எக்ஸ்ரே படத்தில் என்னவோ தெரிகிறது, என்னவென்று தெரியவில்லை.

"ஊட்டுல விறகு அடுப்பாம்மா?"

"கேஸுங்க."

"எங்க வேலை?"

நசீமா சொன்னாள். டாக்டரின் முகம் தெளிந்தது. "அட, எங்க சுத்தமான கம்பெனி! அப்ப பஞ்சுத் தூசி இல்ல. அதை விட்றலாம். அடுத்த வாரம் ஊசி விட்டு நுரையீரல்ல கொஞ்சம் சதை எடுத்துப் பாப்போம். பயப்படாதம்மா. அதுவரைக்கும் வேலைக்குப் போலாம், தடை ஒண்ணும் இல்ல."

ஜாவித் பேசவில்லை. முதலில் விலை சொல்கிறவன் தோற்பான் என்பது அவன் தாய்ப்பாலோடு கற்றது. ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும் அந்தப் பாடம் தாங்கியது. ஆட்டோவுக்கு நடக்கிற தூரத்தில் நசீமா இரண்டு முறை நின்றாள். "நல்லதாப் போச்சுண்ணா, தூசி இல்லைன்னுட்டாங்க. நாளைக்கு மதியம் ஷிப்டுக்கே போயிர்றேன்" என்றாள். அவன் அவளை ஆட்டோவிலேயே உட்கார வைத்துவிட்டுத் திரும்பி உள்ளே போனான்.

"டாக்டர், அந்தக் காத்து ஒரு நாள் காத்துங்க. நான் பண்ணிவெச்சது."

கீதாஞ்சலி முழுவதும் கேட்டார். கேட்டு முடித்து நசீமாவின் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். "உங்க கம்பெனியை வெச்சுத்தான் மத்ததை எல்லாம் அளந்தோம்."

"தெரியுமுங்க."

"உங்க தங்கச்சியையும் அதை வெச்சுத்தான் அளந்தேன்." போனில் கவிப்பிரியாவைக் கூப்பிட்டார். அவள் வந்து, நின்றபடியே கேட்டாள். நான் சொன்னேனே என்று சொல்வாள் என ஜாவித் காத்திருந்தான். சொல்லியிருந்தால் தேவலை.

"ஆறு துறை பாத்தீங்களேங்க, ஒருத்தருக்குமா தெரியல?" என்று அவனே கேட்டான். பேரத்தில் பழியைப் பங்கு போடுகிற பழக்கம்.

"ஆறு பேரும் ஒரே கடையில சரக்கு எடுத்தோம் சார். கடைக்காரர் நீங்க" என்றாள் கவிப்பிரியா.

டாக்டர் விஷயத்துக்கு வந்தார். "அன்னைக்கு அப்பிடிச் சொன்னீங்க, இன்னைக்கு இப்பிடிச் சொல்றீங்க. உங்க வாயை நம்பி நான் எதையும் மாத்த முடியாது. லீவுல அனுப்பின மத்தவங்களைக் கூட்டிட்டு வாங்க. வேலை முடிச்ச கையோட வந்து ஊதட்டும். அவங்களுக்கும் நசீமா மாதிரியே இருந்தா தூசிதான். ஊசி வேண்டாம். அந்த இடத்தை விட்டு வெளிய வர்றதுதான் முதல் மருந்து."

"கூட்டிட்டு வந்தா மொதலாளிக்குத் தெரியுமுங்களா?"

"இன்னைக்கில்லேன்னாலும் ஒரு நாள் தெரியும்."

அதற்குமேல் பேரம் பேச அவனிடம் சரக்கு இல்லை.

மறுநாள் நசீமாவை வீட்டிலேயே நிறுத்திவிட்டு வந்தான். டீ நேரத்தில், ஷெட்டுக்குப் பின்னால், துணிக் கழிவு மூட்டைகளின் மேல் லீவில் அனுப்பின ஆட்களை உட்காரவைத்தான். எல்லார் புருவத்திலும் பஞ்சு. மூத்தவள் பழனாத்தாள், பொங்கலூரிலிருந்து கம்பெனி வேனில் வருகிறவள். பக்கத்தில் மூக்கையா, மதுரைப் பக்கத்து ஆள்.

"சனிக்கிழமை ஷிப்டு முடிஞ்ச கையோட ஆஸ்பத்திரிக்கு வரோணும். அந்தக் காலேஜுக்காரங்கதான்."

"எந்த பையருக்குண்ணே?" என்றான் மூக்கையா.

"பையர் இல்லப்பா. உள்ளதைச் சொல்லோணும், அவ்வளவுதான்."

"உள்ளதுன்னா?"

"மூச்சு வாங்குதா, இருமல் இருக்கா, எப்ப இருந்து. எல்லாம்."

மூக்கையா மற்றவர்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "போன தடவ இருமாதீகன்னு லீவு குடுத்தீக. இந்தத் தடவ இருமணுமாக்கும். அதுக்கென்ன ரேட்டுண்ணே?" எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. இரண்டையும் ஜாவித்தால் பிரிக்க முடியவில்லை.

பழனாத்தாள் முந்தானையால் வாயைத் துடைத்தாள். அவளுக்கு அவனைத் தேற்ற வேண்டும்போல இருந்தது. "அவனுக கெடக்கறானுக. நீ சொல்லிக் குடு கண்ணு. ஒரு வார்த்தை பெசகாமச் சொல்லீர்றோம். எந்த ஆடிட்டுலயாச்சும் பெசகீருக்கறமா?"

"இல்லீங்க்கா."

"பின்ன?"

"இதுல நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கக் கூடாதுங்க்கா."

அவர்கள் அவனைப் பார்த்த பார்வையை அவன் சந்தையில் பார்த்திருக்கிறான். விலை சொல்லாத வியாபாரியைப் பார்க்கிற பார்வை. இதில் என்னவோ பெரிய ஏமாற்று இருக்கிறது என்று ஒதுங்குகிற பார்வை. மூக்கையா டீ கிளாஸைக் கவிழ்த்து வைத்தான்.

"நசீமாவுக்கு அடுத்த வாரம் நுரையீரல்ல ஊசி விடறாங்க. நீங்க வந்து ஊதினா விட மாட்டாங்க" என்றான் ஜாவித்.

அது உண்மை. அவன் வாயிலிருந்து வந்தபோது அதுவும் நன்றாகத் தயார் செய்ததுபோலத்தான் இருந்தது.

பெல் அடித்தது. ஒவ்வொருவராக எழுந்து உள்ளே போனார்கள். உருளைகள் சுற்ற ஆரம்பித்தன. பழனாத்தாள் மட்டும் வாசலில் நின்றாள்.

"நெசமா முடியலையா அந்தப் புள்ளைக்கு?"

"நெசமாங்க்கா."

அவள் அவன் முகத்தை, செக்கிங் டேபிளில் துணி பார்ப்பதுபோல, மேலிருந்து கீழே பார்த்தாள். "சாயந்திரம் ஊட்டுக்கு வந்து நானே பாக்கறேன். பாத்துட்டு அப்பறமாச் சொல்றேன்" என்று உள்ளே போனாள்.