மூணு ராஜாவில் ஒருத்தர்

எண்பத்தைந்தில் தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கரீம் பாய் வாடகை நூல்நிலையம் திறந்த புதிதில், பொம்பளைகள் வாசல்வரை வந்து அப்படியே திரும்பிப் போனார்கள். உள்ளே ஆசை காட்டும் நாவல்கள். ஆனால் மெம்பர் ஆக ஒரு ஃபாரம் உண்டு. அதில் இரண்டாவது கேள்வியே கணவர் பெயர். புருசன் பேரை வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம்பும் ஊரில், ஒரு நாவலுக்காக எவள் தாலியைப் பணயம் வைப்பாள்?

கேள்வியை எடுக்கக் கரீம் பாய் சம்மதிக்கவில்லை. "புக்கைத் தூக்கிட்டுப் போனா நான் யாரு வூட்டுக் கதவைத் தட்டறது?"

வழி கண்டுபிடித்தது கவுண்டரில் இருந்த ராஜமேரி. "பேரைச் சொல்ல வேணாங்க. ஜாடையாச் சொல்லுங்க, நாங்க எழுதிக்கறோம்."

அவ்வளவுதான், கூட்டம் அள்ளியது. "ஏழு மலைக்கு மேல நிக்கறாரே!" என்றால் வெங்கடாசலம். "ஊரு எல்லையில அருவாளோட..." என்றால் முனியப்பன். பாதிப் பேர் நாவலுக்கு வந்தார்கள், மீதிப் பேர் இந்தக் கூத்துக்கு.

ராஜமேரிக்குத் தலைகால் புரியவில்லை. ஏற்கெனவே புருசன் விஷயத்தில் அவளுக்குப் பெருமை கொஞ்சம் தூக்கல். அவர் ஒகேனக்கல் வண்டிக் கண்டக்டர். ஒருநாள் விட்டு ஒருநாள் அங்கேயே தங்கல் என்பார். காலையில் வரும்போது மீன் வறுவல் பொட்டலம் வரும். மீனுக்குத் தலை மட்டும் இருக்காது. "முள்ளு குத்திடும்னு நானே கிள்ளிப் போட்டுட்டேன் மேரி" என்பார். இதை அவள் தெரு முழுக்கச் சொல்லி, மீனிலும் ஆளுக்கொரு துண்டு கொடுத்திருந்தாள். கேட்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டபோது, 'கண்ணு வைக்கிறாளுங்க' என்று மிளகாய் சுற்றிப் போட்டவள் அவள்.

அன்றைக்கு அதியமான்கோட்டையிலிருந்து குள்ளம்மாள் என்றொருத்தி வந்தாள். கழுத்தில் மஞ்சள் மங்காத கயிறு. கரீம் பாயின் தங்கை சுல்தானா எழுத உட்கார்ந்தாள்.

"ஜாடை சொல்லும்மா," என்றாள் ராஜமேரி.

"அவரு சர்ச்சுக்காரருங்கக்கா. கிறிஸ்மஸ் குடில்ல ஒட்டகத்தோட மூணு ராஜா நிப்பாங்களே, அதுல ஒருத்தரு பேரு."

"மெல்கியோரா?"

"இல்லீங்க."

"பல்தசாரா?"

"ம்ஹூம்."

மிச்சமிருந்த பேரைச் சொல்ல ராஜமேரிக்கு வாய் வராது. அது அவள் வீட்டுக்காரர் பேராச்சே! சிரிப்பு வந்தது. "என்ன வேலை பாக்கறாரு?"

"கண்டக்டருங்க, ஒகேனக்கல் வண்டி. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வூட்டுக்கு வருவாரு. மீன் வறுவல் வாங்கியாந்து, தலைய எனக்குக் கிள்ளிக் குடுத்துட்டு மிச்சத்தைக் கட்டி வச்சுக்குவாரு. டவுன்ல வயசான ஆத்தா ஒண்ணு இருக்குதாம். அதுக்கு முள்ளு ஆவாதாம்."

ராஜமேரியின் சிரிப்பு முகத்திலேயே காய்ந்துபோனது. மெதுவாகச் சுல்தானா பக்கம் திரும்பினாள். சுல்தானா பேனா முள்ளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெருவுக்கே தெரியுங்கக்கா. யாரு வந்து சொல்றதுன்னுதான்..."

"அந்த மீனை நீயும்தானேடி தின்னே?"

ஒரு வீட்டில் குழம்பு அடிப்பிடித்தால் நாலு வீட்டில் பேசும் தெரு அது. இந்த ஒன்றை மட்டும் பொத்திப் பொத்தி வளர்த்திருக்கிறது.

குள்ளம்மாளுக்கு இவர்கள் என்ன பேசுகிறார்கள் என்றே விளங்கவில்லை. "அக்காவுக்குக் கண்டுபிடிக்க வரலையாட்டம் இருக்குது," என்று சிரித்தாள். "சரி, உங்க வூட்டுக்காரரு பேரு என்னங்கக்கா? நீங்க ஜாடை சொல்லுங்க, நான் கண்டுபிடிக்கறேன்."

"ஜாடை எதுக்கு?" ராஜமேரி எழுந்து நின்றாள். "கஸ்பார்."

குள்ளம்மாளின் கை சட்டென்று கழுத்துக் கயிற்றைப் பிடித்தது. நாவல் புரட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்தார்கள்.

"கஸ்பார்," என்றாள் ராஜமேரி மறுபடியும், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும்படி. "கண்டக்டர் கஸ்பார். எழுதிக்கோ சுல்தானா. ரெண்டு பேருக்கும் அதே பேருதான்."