அன்புராஜ் கொத்தனார் கட்டிய செல்

அத்தை வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டுக் குருவிநத்தத்துக்குத் திரும்பியபோது, வாசலில் அப்பா என் செல்லுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அரை வாளி ஊற்றி, ஈரச் சாக்கைப் போர்த்தி, அதன் மேலும் கொஞ்சம் தெளித்தார். சிமென்ட் இறுக வேண்டுமே. ஒன்பதாம் வகுப்பு அறிவியல் கண்காட்சிக்கு தெர்மாகோலில் செய்யச் சொல்லி மிஸ் கொடுத்த அனிமல் செல் அது. வெட்டி ஒட்ட எனக்குக் கை வராது என்று புத்தகத்திலிருந்த படத்தை அப்பாவிடம் காட்டிவிட்டுப் போயிருந்தேன். ஒரு கொத்தனாரிடம் படத்தைக் காட்டினால் என்ன நடக்கும் என்று யோசித்திருக்க வேண்டும். புத்தி இல்லை.

வேலை என்னவோ சுத்தம். நடுவில் உருண்டையாக நியூக்ளியஸ். மைட்டோகாண்ட்ரியாவின் மடிப்புகளைக்கூட விடாமல் இழைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார். ஆனால் சுற்றிலும் மூன்று அங்குலத்துக்கு ஒரு சுவர், பூச்சு வேலையோடு நின்றது. படத்தில் வெளியே ஒரு கோடுதான் இருந்ததாம்.

"ஒத்தக் கோட்ல இன்னா நிக்கும்? அதான் செவுரு வச்சிட்டேன்" என்றார்.

தாவர செல்லுக்குத்தான் சுவர். விலங்கு செல்லுக்கு மெல்லிய சவ்வு மட்டும்தான். எங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் தெரிந்த ஒரு மார்க் கேள்வி அது. சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பா அதுவரை என் பள்ளிக்கூடத்துப் பக்கமே வந்ததில்லை. மிஸ் ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்து எல்லாக் கூட்டத்துக்கும் அம்மாவைத்தான் அனுப்புவார். இந்த முறை தானே வருவதாகச் சொல்லி, பொங்கலுக்கு எடுத்த சட்டையை ஒரு வாரம் முன்பே தேய்த்து ஆணியில் மாட்டிவிட்டார். அந்தச் சட்டையைப் பார்த்த பிறகு எனக்கு வாய் வரவில்லை.

பாகூரில் இருக்கும் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு லோடு ஆட்டோவில் போனது என் செல். இறக்க நாலு பேர். மேசை முனகியதால் தரையிலேயே வைத்தார்கள். செல்வகுமாரி மிஸ் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்பா ஆட்டோவை அனுப்பப் போன நேரத்தில், பேசாமல் இதைத் தாவர செல் ஆக்கிவிடு என்று காதில் சொன்னார். யாருடைய டிபன் பாக்ஸிலிருந்தோ பச்சைப் பட்டாணி வந்தது. அதைப் பசுங்கணிகம் என்று அங்கங்கே ஒட்டினோம். சார்ட்டில் 'அனிமல்' என்ற இடத்தை மறைத்து 'பிளான்ட்' என்று ஒரு துண்டுக் காகிதம். அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது. திரும்பி வந்தவர் பட்டாணியை அலங்காரம் என்று நினைத்துத் தலையாட்டினார்.

நடுவராக வந்த கல்லூரிப் பேராசிரியரிடம் தாவர செல்லைப் பற்றி இங்கிலீஷில் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவர் திருப்தியாகி, யார் செய்தது என்று கேட்டார். அப்பா முன்னால் வந்தார். ஒரு வாரமாக மனப்பாடம் செய்திருந்தார், பாவம்.

"அனிமல் செல்லுங்க சார். நம்ம ஒடம்புல கோடிக்கணக்குல கீது."

பேராசிரியர் சார்ட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மிஸ் மின்விசிறியைப் பார்த்தார். ஒரு பட்டாணி கழன்று விழுந்தது. அப்பா மட்டும் பாராட்டை எதிர்பார்த்துச் சிரித்தபடி நின்றார். அவரைப் பொய்யனாக்கவும் என்னால் முடியவில்லை, சரி என்று சொல்லவும் முடியவில்லை.

"அனிமல் செல்தான் சார். அப்பாதான் கட்னாரு. ஆனா அதுக்குச் செவுரு கெடையாது. நான்தான் அவர்கிட்ட சொல்லல."

அப்பாவின் சிரிப்பு நின்றது. குனிந்து பூச்சைக் கட்டைவிரலால் தடவினார். அப்படியே வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன்.

"செவுரு வேணாமா?"

"வேணாம்பா."

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடி? வூட்டுக்காரங்க கேட்டா கட்டி முடிச்ச சமையக்கட்டையே இடிச்சி மாத்தறோம்."

போனவர் எங்கிருந்தோ சுத்தியலும் உளியும் வாங்கி வந்தார். பொங்கல் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டார். பேன்ட்டில் தூசி படும் என்று பேராசிரியரைத் தள்ளி நிற்கச் சொன்னார். அவரும் மார்க் ஷீட்டோடு தள்ளி நின்றார். பக்கத்து எரிமலைக்காரர்களும் தங்கள் எரிமலையை நகர்த்திக்கொண்டார்கள்.

முதல் பக்கம் பெயர்ந்ததும் அப்பா நிறுத்தினார்.

"அப்போ உள்ள இருக்கிறத எது தாங்குது?"

சவ்வைப் பற்றிச் சொன்னேன். ரொம்ப மெல்லிசு, ஆனால் எதை உள்ளே விடுவது, எதை விடக்கூடாது என்று அதுதான் பார்த்துக்கொள்ளும் என்றேன். அப்பா சற்று யோசித்துவிட்டு, அடியின் வேகத்தைக் குறைத்தார். உள்ளே நியூக்ளியஸ் அதிராமல் இருக்க இடது உள்ளங்கையை விளிம்போடு அணைத்து வைத்தார். எதிர்ப்பக்கம் நானும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையை வைத்தேன். ஒவ்வொரு தட்டலும் என் கைவரை வந்தது.