யார் எங்கே உட்கார்ந்தீர்கள்?

பொய்யைக் கண்டுபிடிப்பது எப்படி என்று மைசூரில் போலீஸ்காரர்களுக்கும் வக்கீல்களுக்கும் வகுப்பு எடுப்பவள் நான். வந்து உட்கார்ந்ததும் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். பொய் சொல்கிறவன் கண்ணைப் பார்க்க மாட்டான், மூக்கைச் சொறிவான், குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் மேடம். எதிரே காக்கிச் சட்டை இருந்தால் குற்றமில்லாத நெஞ்சும் குறுகுறுக்கத்தான் செய்யும் என்பேன். முகத்தை வைத்துப் பொய்யைப் பிடிப்பதும் காசைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். இதையெல்லாம் மைக்கைப் பிடித்துச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, என் வீட்டுக்காரர் செந்தில்நாதன் மூக்கைச் சொறிகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஊருக்குத்தான் உபதேசம்.

காரணம் வைஷாலி. செந்தில்நாதன் வேலை பார்க்கும் நஞ்சன்கூடு ஃபேக்டரியில், அவருடைய பர்ச்சேஸ் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவள். முதலில் வாரத்துக்கு ஒரு தரம் அந்தப் பெயர் வந்தது. பிறகு காபி, சாப்பாடு, டிவி செய்தி, எதைத் தொட்டாலும் அதில் வைஷாலி ஏதோ சொல்லியிருந்தாள். அட்டைப்பெட்டி விலை பேச அவளோடு ஸ்ரீரங்கப்பட்டணம் போனதையும், வழியில் ஒரு ஹோட்டலில் சாப்பிட்டதையும் அவரே வந்து சொன்னார். மறைத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். முந்திக்கொண்டு சொன்னதில்தான் எனக்கு வயிறு எரிந்தது. ஹோட்டல்தானா, சாப்பாடுதானா?

என் ஆராய்ச்சியே இந்த மாதிரி ஜோடிகளைப் பற்றியது. மாணவர்களில் சில ஜோடிகளை நிஜமாகவே கேண்டீனில் சேர்ந்து சாப்பிட வைப்போம். வேறு சில ஜோடிகளை ஒரு பர்ஸைத் திருடவிட்டு, கேண்டீனில் சாப்பிட்டதாகச் சொல்லச் சொல்வோம். பிறகு தனித்தனியாக விசாரிப்போம். என்ன சாப்பிட்டீர்கள், யார் பில் கொடுத்தது என்று கேட்டால் திருட்டு ஜோடி கச்சிதமாகப் பதில் சொல்லும், பேசி வைத்துக்கொண்டுதானே வருகிறார்கள். யார் எங்கே உட்கார்ந்தீர்கள், வாசல் யாருக்கு முதுகுப் பக்கம், ஒரு தாளில் வரைந்து காட்டு என்றால் திணறுவார்கள். அதை யாரும் பேசி வைப்பதில்லை. இரண்டு படமும் இரண்டு ஊரைக் காட்டும்.

தீர விசாரிப்பதே மெய். ஞாயிற்றுக்கிழமை வைஷாலியைச் சாப்பிடக் கூப்பிட்டேன்.

வந்தாள். அழகாக இருந்தாள், அதைச் சொல்லாமல் விட்டால் நானும் பொய்க்காரி. மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண், கன்னடம்தான் சரளம். செந்திலைத் தயிர் வாங்க அனுப்பிவிட்டு, எல்லாரிடமும் கேட்கிற ஆராய்ச்சிக் கேள்வி என்று அவளிடம் தாளையும் பேனாவையும் நீட்டினேன்.

"அந்த ஹோட்டலா? கொத்தில்ல அக்கா, அவ்ளோ ஞாபகம் இல்ல" என்று சிரித்துக்கொண்டே வரைந்தாள். "இது ஜன்னல். கை கழுவற எடம் இங்க. சார் சுவர் பக்கம். நான் இந்தப் பக்கம். இல்ல இல்ல, வெயில்னு மாறி உக்காந்தேன்."

"சார் என்ன சாப்பிட்டார்?"

"அய்யோ, அதெல்லாம் யார் பாத்தா அக்கா? எனக்கு நல்ல பசி."

அவள் கிளம்பிப் போனதும் செந்திலிடம் வேறொரு தாளைக் கொடுத்து அதே ஹோட்டலை வரையச் சொன்னேன். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"இங்க ஜன்னலு. கை கழுவறது இந்த மூலையில. அந்தப் புள்ள மொதல்ல இப்பிடித்தான் உக்காந்துச்சு. வெயிலு கண்ணுல பட்டுச்சுன்னு எந்திரிச்சு இந்தப் பக்கம் வந்துச்சு." சொந்த ஊரான கொள்ளேகால் பேச்சு அவருக்குச் சந்தோஷமாக இருக்கும்போதுதான் இவ்வளவு வரும். "சோத்துக்கு முன்னாடியே ஒப்பட்டத் தின்னுடுச்சு அனு. ஏம்மான்னு கேட்டா, வயிறு ரொம்புனப்புறம் இனிப்புக்கு மரியாதை இல்ல சார்ங்குது. சாம்பார்ல கெடந்த கத்திரிக்காய எல்லாம் ஓரமா ஒதுக்கி வெச்சிருந்துச்சு."

இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஜன்னல் சரி, சுவர் சரி, வெயில் சரி. சேர்ந்து சாப்பிட்டார்கள், அவ்வளவுதான், ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கோர்ட்டில் ஏறிச் சத்தியம் செய்வேன். அவளுக்கு இவர் என்ன தின்றார் என்றே தெரியவில்லை. இவருக்கு அவள் ஒதுக்கிய கத்திரிக்காய் வரைக்கும் தெரிந்திருந்தது. அவர் பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்று எனக்கு அழுகை வந்தது. பொய்யைப் பிடிக்கத்தான் நான் படித்திருக்கிறேன்.

"இன்னொண்ணு வரைங்க" என்றேன். "போன மாசம், நம்ம கல்யாண நாளுக்குப் போனோமே, அந்த ஹோட்டல்."

இந்தத் தரம் பேனா நின்று நின்று போனது. ஒரு மேஜை போட்டார். என்னை வாசலுக்கு நேரே உட்கார வைத்தார், அதை அடித்துவிட்டுப் பக்கவாட்டில் வைத்தார். நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டதற்கு, "எப்பவும் சாப்புடறதுதான" என்றார். நான் அன்றைக்கு ஒன்றும் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லி ஒரு மோர் மட்டும் குடித்தேன்.

நன்றாகக் குத்திக் காட்டலாம் என்று நானும் ஒரு தாளை இழுத்து வரைய ஆரம்பித்தேன். மேஜை. அதன் மேல் அவருடைய இடது கை. கைக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்த போன். மெசேஜ் வந்து அது அதிர்ந்தபோதெல்லாம் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் என்னால் வரைய முடியவில்லை. ஜன்னல் இருந்ததா, வாசல் யாருக்கு முதுகுப் பக்கம், அவர் என்ன சட்டை போட்டிருந்தார், என்ன சாப்பிட்டார், எதுவும் வரவில்லை.

செந்தில் எங்கள் இருவர் தாளையும் எடுத்துப் பார்த்தார். என் ஆராய்ச்சிக் கட்டுரையைப் பிழை பார்த்துக் கொடுத்தவரே அவர்தான். அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. முகத்தில் இருந்த சந்தோஷம் மெதுவாக இறங்கியது.

"உன் கணக்குப்படி நாம எந்த ஜோடி அனு?"

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"ஆனா நெசமாலும் போனமே" என்றார். "ரெண்டு பேரும் சேந்துதான போனோம். பில்லு நாந்தான குடுத்தன்."

திருட்டு ஜோடிகளும் அதைத்தான் முதலில் சொல்லும்.