பாலத்தில் கூப்பிட்ட பெயர்

ரோமன் காலத்துப் பாலம் பார்க்க எனக்கு ஆசையே இருக்கவில்லை. கல்லும் தண்ணீரும்தானே, ஒஸ்லோவில் இல்லாததா? அம்மாவும் அப்பாவும் ஒரு முறையாவது கோயில் இல்லாத ஊருக்குப் போய்வரட்டும் என்று மகள் ஹம்சத்வனிதான் போர்த்துக்கலுக்கு டிக்கெட் போட்டுத் தந்தாள். வேண்டாம் என்று சொல்ல என்னிடம் ஒரு காரணம் இருந்தது. அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை.

என் கணவருக்கு மறதி வந்திருந்தது. ஒருநாள் வேலை முடிந்து வந்தவர் எங்கள் வீட்டடி நிலையமான ஸ்டோவ்னரில் இறங்காமல் கடைசி நிலையம் வெஸ்ட்லி வரை போய், அங்கே மேடை வாங்கில் உட்கார்ந்திருந்தார். ரயிலில் நித்திரையாகிவிட்டதாம். நானும் நம்பியதுபோல் இருந்துவிட்டேன். முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள் நான். இந்த வியாதி எப்படித் தொடங்கும், எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியும். தெரிந்ததால்தான் பயம்.

லீமா ஆற்றங்கரையில் இருந்தது அந்தப் பழைய பட்டினம். அன்று சந்தை நாள், மணல் முழுக்கக் கூடாரங்கள். வழிகாட்டிப் பெண் பாலத்தடியில் நிறுத்தி ஒரு கதை சொன்னாள். இந்த ஆற்றைக் கடந்தால் எல்லாம் மறந்துபோகும் என்று ரோமன் படைவீரர்கள் பயந்து நின்றார்களாம். தளபதி மட்டும் கடந்துபோய், தனக்கு ஒன்றும் மறக்கவில்லை என்று காட்ட அக்கரையில் நின்று ஒவ்வொருவனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டானாம். நல்ல இடம் பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறாள் என்று மகளை மனதுக்குள் திட்டிக்கொண்டு திரும்பினால், பக்கத்தில் அவர் இல்லை.

சந்தைக்குள் ஓடினேன். அவரைப்போல் நீல ஜாக்கெட் போட்டவன் எல்லாம் அவராகவே தெரிந்தான். அவருடைய கைபேசி ஹோட்டல் அறையில் சார்ஜில் கிடந்தது. பாலத்தில் ஏறினேன். பக்கச் சுவர் இடுப்பளவுகூட இல்லை. ஆற்றைப் பார்க்கவும் பயம், பார்க்காமல் விடவும் பயம்.

பாலத்தின் அடுத்த தொங்கலில், அக்கரையோடு பழைய ரோமன் வளைவுகள் மிஞ்சியிருக்கும் பக்கம், அந்த நீல ஜாக்கெட் தெரிந்தது. சுவரில் சாய்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இஞ்சருங்கோ,” என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை.

கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். கணவன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள். நோர்வேக்கு வந்து எவ்வளவோ மாறினேன், இது மட்டும் மாறவில்லை. மகள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். வெளியில் எல்லாருக்கும் அவர் ராசா அண்ணை. முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டவர் அவருடைய அம்மா ஒருவர்தான். அந்த மனுசி கண்ணை மூடிக் கனகாலம்.

இன்னொரு தரம் இஞ்சருங்கோ என்றேன். அவர் ஒரு காலைத் தூக்கிச் சுவரின் மேல் வைத்தார்.

“சின்னராசா.”

என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. பாலத்தில் போனவர்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். அவர் காலை இறக்கித் திரும்பினார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. கலியாணத்தன்றுகூட அந்த முகத்தை நான் கண்டதில்லை. பிள்ளையாரே, என்னை மறக்கவில்லை என்று நினைத்தேன்.

“வாறன் அம்மா,” என்றார். “அடியாதேங்கோ. நான் குளத்துக்கை இறங்கேல்லை.”

நான் யோகராணி என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் மறுபடியும் சுவரில் ஏறிவிடுவாரோ என்று பயந்து விழுங்கிக்கொண்டேன். இத்தனை வருசமும் வாங்கோ, போங்கோ என்று மரியாதை கொடுத்த மனிதரிடம் கையை நீட்டினேன்.

“அடிக்கமாட்டன். வா ராசா, வீட்டை போவம்.”

ஓடி வந்து என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டார். ஆற்றைத் திரும்பக் கடந்தோம். பட்டினக் கரைக்கு வந்து சேர்ந்த பிறகும் அவர் என்னை அம்மா என்றுதான் கூப்பிட்டார்.