ஏறி உக்காருங்க

துடியலூரில் மெக்கானிக் பஷீரிடம் செயினைக் காட்டப் போனால் அவர் முதலில் வண்டியைப் பார்க்க மாட்டார். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பார். ஒற்றை ஆளாகப் போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார். "ஊட்டுக்குப் போயி அம்மணியக் கூட்டியாங்க. கொழந்தைகளயும் கூட்டியாங்க. இந்த வண்டியில யாரெல்லாம் போவீங்களோ அத்தன பேரும் வேணும்."

புதிதாக வருகிறவர்கள் திருதிருவென்று முழிப்பார்கள். செயினுக்கும் சம்சாரத்துக்கும் என்னய்யா சம்பந்தம்? இருந்தது. நம் ஊரில் மோட்டார் சைக்கிள் ஒருத்தர் போகிற வாகனமா என்ன? அப்பன் ஓட்ட, முன்னால் டேங்கின் மேல் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் அம்மாக்காரி, அவள் மடியில் ஒரு பை. அத்தனை பாரமும் ஏறினால் பின்பக்கத்து ஸ்பிரிங் அமுங்கும். அதுவரை தொளதொளவென்று கிடந்த செயின் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். காலி வண்டியில் அழகாக முறுக்கி வைத்தால் ஆள் ஏறியதும் விண்ணென்று நிற்கும். அப்புறம் ஏதாவது ஒரு பள்ளத்தில், செயினின் இரண்டு முனைகளையும் கோத்திருக்கும் லாக் தெறித்துப் போய்விடும்.

அதனால் குடும்பத்தையே வண்டிமேல் ஏற்றி உட்கார வைப்பார். செயின் கவரில் இருக்கும் ரப்பர் மூடியைக் கழற்றி, விரலை விட்டுச் செயினைத் தூக்கிப் பார்ப்பார். வண்டியை ஒரு முழம் தள்ளி மறுபடியும் பார்ப்பார். இப்படி நாலு இடம். பாரத்தோடு ஒரு விரல்கடை ஆட்டமாவது இருந்தால்தான் ஆக்ஸில் நட்டை இறுக்குவார். ஊரே இதைச் சொல்லிச் சிரிக்கும். சிரித்துக்கொண்டே குடும்பத்தோடு வந்து ஏறி உட்காரும்.

இந்த பஷீருக்கு உயிர்க் கூட்டாளி ஒருவர் இருந்தார். வெங்கடபதி. வீட்டில் தெலுங்கு, வெளியில் நம்மைவிட நல்ல கொங்குத் தமிழ். பன்னிமடைப் பக்கம் தென்னந்தோப்பு. பொழுது சாய்ந்தால் பட்டறைக்கு எதிரிலிருக்கும் டீக்கடையில் இருவரையும் சேர்த்துத்தான் பார்க்க முடியும். வெங்கடபதிக்கு ஒரே பெண், மேக்னா. அம்மா அம்புஜம் ஏதோ வாரப் பத்திரிகையில் பார்த்து வைத்த பெயர். அஞ்சு வயதிலிருந்து அந்தப் பெண் பஷீர் பட்டறையில் வண்டிமேல் ஏறி உட்கார்ந்து வளர்ந்தவள். "மாமா, இந்த வருசம் நான் எத்தன கிலோ ஏறியிருக்கறேன்னு செயினே சொல்லுமுங்களா?" என்று கேட்பாள். "சொல்லும் கண்ணு, ஆனா உங்கம்மாளுக்குக் கேக்காம மெதுவாச் சொல்லும்" என்பார் பஷீர்.

இப்படி இருந்தவர்களுக்குள் தொண்ணூற்று நாலாம் வருஷம் ஒரு புது வண்டி வந்து சேர்ந்தது. வெங்கடபதி நூறு சிசி வண்டி ஒன்று வாங்கினார். முதல் ஆறு மாதம் சர்வீஸ் இலவசம் என்பதால் ஆர்.எஸ்.புரத்து ஷோரூமில் விட்டார். அதில் பஷீருக்கு ஒன்றும் வருத்தமில்லை. அங்கே நீலச் சட்டை போட்ட மெக்கானிக்கிடம் வெங்கடபதி, "எங்க பாயி ஆளை உக்கார வெச்சுத்தானுங்க செயின் பாப்பாரு" என்று பெருமையாகத்தான் சொல்லியிருக்கிறார். அவன் சிரித்துவிட்டான். காலி வண்டியை ஸ்டாண்டில் போட்டுப் பார்ப்பதுதான் முறை, புத்தகத்திலேயே போட்டிருக்கிறது என்றான். வெங்கடபதிக்கு வாய் சும்மா இருக்குமா? சாயங்காலம் டீக்கடையில் பத்துப் பேர் நடுவில் அந்தப் புத்தகக் கதையைச் சொல்லி எடுத்து விட்டார்.

"பாயிகிட்டப் போனா செயின் பாக்கறாரா, ரேஷன் கார்டுக்கு ஆள் எண்றாரான்னே தெரியறதில்லீங்க!"

கடையே சிரித்தது. பஷீரும் சிரித்தார். ஆனால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. மனைவி உம்மல் குல்சும் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு தலையில் அடித்துக்கொண்டாள்.

"பதினெட்டு வருசப் பழக்கம். வெளையாட்டுக்குச் சொன்னதுக்குப் போயி இப்பிடி மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கறீங்க. உங்க ரோசத்தத் தூக்கி ஒடப்புல போடுங்க."

ரோஷம் சொன்ன பேச்சைக் கேட்கிற சாதியா? பஷீர் டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். வேலை இருக்கிறது என்றார். வெங்கடபதிக்கு எதுவும் உறைக்கவில்லை. அவர் சொன்னதை அவரே மறந்து போயிருந்தார்.

இலவச சர்வீஸெல்லாம் முடிந்து, ஜூன் மாதம் ஒரு மத்தியானம் வெங்கடபதி வண்டியை உருட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். கூட மேக்னா. அப்போதுதான் பிளஸ் டூ முடித்திருந்தாள்.

"பாயி, செயின் சித்தெ லூசாட்டம் சத்தம் போடுது. நாளைக்குப் பாருங்க, பஸ் ஸ்டிரைக்காமா..."

"வண்டிய நிறுத்தீட்டுப் போங்கண்ணா. பாத்து வெக்கறேன்." பஷீர் தலையை நிமிர்த்தவே இல்லை.

வெங்கடபதி வண்டியை நிறுத்திச் சாவியைக் கொடுத்தார். அப்புறம், எதிரே உரக்கடையில் வேலை இருக்கிறது, பாப்பா இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மேக்னா வழக்கம்போலப் பாவாடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கால்படியில் ஒரு காலை வைத்தாள்.

"ஏறட்டுங்களா மாமா?"

பஷீர் கையைக் காட்டி நிறுத்தினார். "வேண்டாம் கண்ணு. கம்பெனிப் புஸ்தகத்துல ஆளு ஏறச் சொல்லல."

"நாளைக்குத் தூரமாப் போறமுங்க."

"போங்களே. கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போவுது?"

அவள் காலை எடுத்துக்கொண்டாள். பஷீர் காலி வண்டியை ஸ்டாண்டில் போட்டார். ஒரே ஒரு இடத்தில் விரலை விட்டுப் பார்த்தார். புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுக்கும் ஒரு இழை கூடுதல் இறுக்கமாகவே அட்ஜஸ்டரைத் திருகினார். பார்க்க ரொம்ப அழகாக இருந்தது. சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் அளவுக்கோடு சரியாகச் சேர்ந்திருந்தது. ஆள் ஏறினால் என்ன ஆகும் என்று அவர் கைக்குத் தெரியும். பத்து மைல் போனால் செயின் அழ ஆரம்பிக்கும். வெங்கடபதி திரும்பி வருவார். "பாயி, உங்க கைதான் கை" என்று டீக்கடையில் அதே பத்துப் பேர் முன்னால் சொல்வார். அவ்வளவுதான் அவர் ஆசைப்பட்டது. வேறொன்றும் இல்லை, அல்லா சாட்சி.

மறுநாள் பெருந்துறைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரியில் மேக்னாவுக்கு இன்டர்வியூ. துணி நெசவில் டிப்ளமோ. படிப்பும் விடுதியும் இலவசமாக ஒரே ஒரு பெண்ணுக்கு இடம். காலை பத்து மணிக்குள் பெற்றோர் இருவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. வீட்டிலிருந்த புடவைக் கரைகளையெல்லாம் ஒரு நோட்டு நிறைய வரைந்து வைத்திருந்த பெண் அவள். அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து நோட்டைக் கீழே வைக்கவில்லை. பஸ் ஓடாத நாளில் மூன்று பேரும், மடியில் ஒரு பையுமாக, விடிவதற்குள் கிளம்பினார்கள்.

செயின் அழவில்லை. சில சமயம் அது அழுவதில்லை. அவிநாசி தாண்டி, செங்கப்பள்ளியும் தாண்டி, ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியபோது லாக் தெறித்து, செயின் கவருக்குள் சுருண்டு, பின்சக்கரத்தை அப்படியே பிடித்து நிறுத்தியது. மூவரும் ரோட்டோரப் புழுதியில் விழுந்தார்கள். அம்புஜத்துக்கு முழங்கையில் சிராய்ப்பு. மற்றபடி யாருக்கும் ஒன்றுமில்லை. கடவுள் கிருபை என்று எல்லோரும் சொன்னார்கள். பஸ் இல்லை. கையைக் காட்டியதற்கு லாரிக்காரர்கள் நிறுத்தவில்லை. கடைசியில் ஒரு மாட்டுத்தீவன வேன் ஏற்றிக்கொண்டு போய் இறக்கியபோது மணி ஒன்றரை. அந்த இடம் வேறொரு பெண்ணுக்குப் போயிருந்தது.

இரண்டு நாள் கழித்து வெங்கடபதி பட்டறைக்கு வந்தார். பஷீர் எழுந்து நின்றார். செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்ற முடிவில்தான் நின்றார்.

"பாயி, எம்மேலதான் தப்பு," என்றார் வெங்கடபதி. "நீங்க பாப்பாள மட்டும் உக்கார வெச்சு அளவு பாத்திருப்பீங்க. அம்புஜமும் கூட ஏறுவா, பையி வேற இருக்குதுன்னு நானு சொல்லாம உட்டுப்போட்டேன். அன்னைக்கு ரேஷன் கார்டுன்னு கிண்டல் பண்ணுனனே, அந்த வாய்க்கு வேணும். நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க."

பஷீர் வாயைத் திறந்தார். அப்போது சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு நிமிஷத்தை விட்டுவிட்டால் அப்புறம் எந்த நிமிஷத்தில் சொல்வது? வெங்கடபதி அவர் கையைப் பிடித்து டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போய், பத்துப் பேர் முன்னால் சொன்னார்: "பாயி கைதானுங்க கை." ஆசைப்பட்டது அப்படியே கிடைத்தது. வாங்கிக் கொடுத்த டீயை ஒரு வாய்கூடக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்தார்.

அடுத்த வருஷமே மேக்னாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சசிதர் நல்ல பையன், ஆர்.எஸ்.புரத்தில் பட்டுக்கடை. கல்யாண வீட்டில் பஷீர் வாசலில் நின்று வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடுத்தார். பெண் கும்பிட்டபோது முகத்தைப் பார்க்காமல் தலையில் கை வைத்தார். குல்சுமிடம் மட்டும் நடந்ததைச் சொல்லியிருந்தார். அவள் ஒவ்வொரு ரம்ஜானுக்கும் கேட்பாள், "இந்த வருசமாச்சும் சொல்லிப்போடறீங்களா?" ஆகட்டும் என்பார். நோன்பு முடியும், பெருநாள் வரும், வெங்கடபதி வந்து பிரியாணி சாப்பிட்டு ஏப்பம் விட்டுப் போவார்.

ஐந்து வருஷம் போயிற்று. போன தையில், பொங்கலுக்கு வந்திருந்த மேக்னா, புருஷனும் மூன்று வயதுக் குழந்தையுமாகப் பட்டறைக்கு வந்தாள். சசிதர் வண்டியில் செயின் சத்தம். கூடவே வெங்கடபதியும் வந்திருந்தார்.

"மாப்ள, இங்க ஒரு மொற இருக்குதுங்க. எல்லாரும் ஏறி உக்காரோணும்," என்று சிரித்தார்.

ஏறி உட்கார்ந்தார்கள். பஷீர் மண்டியிட்டு விரலை விட்டுச் செயினைத் தூக்கினார். வண்டியைத் தள்ளித் தள்ளி ஆறு இடத்தில் பார்த்தார். போதும் என்று தோன்றவில்லை. ஏழாவது இடத்திலும் பார்த்தார். பிறகு எல்லோரையும் இறங்கச் சொன்னார். மாமனாரும் மாப்பிள்ளையும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு டீக்கடைக்குப் போனார்கள். மேக்னா மட்டும் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்தாள். விரல் நகத்தில் ஜரிகைத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது.

"கடையில நீயும் நிக்கறயா கண்ணு?"

"பொடவ மடிச்சு அடுக்கறனுங்க மாமா. பிரிச்சுக் காட்டறது அவங்க, மடிக்கறது நானு."

பஷீர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "கண்ணு, அன்னைக்கு..."

"தெரியுமுங்க மாமா." அவள் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "கால வெச்சு ஏறப் போனேன். நீங்க வேண்டாம்னீங்க. அப்பன்கிட்டச் சொல்லலாம்னுதான் நெனச்சேன். மாமா பாத்தா சரியாத்தான் இருக்கும்னு உட்டுட்டேன்."

"அப்புறமாச்சும் சொல்லியிருக்கலாமே கண்ணு. உங்கப்பன நான் இத்தன வருசமாப் பொய்யாவே நம்ப வெச்சு..."

"சொன்னா அவரு இங்க வந்திருப்பாருங்களா? எனக்குத்தான் அது போச்சு. அவருக்கும் போகோணுமா?"

பஷீருக்குக் கண் நிறைந்துவிட்டது. கிரீஸ் கையால் துடைத்ததில் கன்னமெல்லாம் கறுப்பு. "எம்மேல கோவமே இல்லியா உனக்கு?"

"இருக்குதுங்க," என்றாள் மேக்னா. "பெருந்துறைன்னு பஸ்ஸுல போர்டப் பாத்தாக்கூட வருதுங்க."

அவர் தலையை ஆட்டினார். ஐந்து வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த தைரியமெல்லாம் அப்போதுதான் ஒன்றாக வந்தது. "இன்னைக்குச் சொல்லிப்போடறேன். இப்பவே. அண்ணன் அங்கதான் இருக்கறாரு. என்ன செஞ்சாலும் செய்யட்டும்."

"சொல்லாதீங்க." அவள் எழுந்து நின்றாள். "சொல்லிப்போட்டா நீங்க லேசாயிருவீங்க மாமா. அப்பன் ஒடஞ்சு போயிருவாரு. அவருக்கு உங்கள உட்டா ஆரு இருக்கறாங்க? வேண்டாமுங்க. நீங்களே வெச்சிருங்க."

பஷீர் ஸ்பேனரை எடுத்தார். குனிந்து ஆக்ஸில் நட்டை இறுக்கினார். இறுக்கியதையே மறுபடியும் இறுக்கினார்.

வெங்கடபதி ரோட்டைக் கடந்து கையில் டீ டம்ளரோடு வந்தார். "என்னுங் பாயி, மூஞ்சியெல்லாம் கிரீசு? இந்தாங்க, ஆறிப் போவுது."

பஷீர் வாங்கிக் குடித்தார். சர்க்கரை தூக்கலாக, ஏலக்காய் தட்டிப் போட்டு, அவருக்குப் பிடித்த மாதிரியே சொல்லி வாங்கி வந்திருந்தார் வெங்கடபதி.