இல்லாத கம்பி

கோடித்துணியை விரிக்கப் போன பாலுசாமிக்கு வலது கையை மடக்க முடியவில்லை. உள்ளங்கையில் சுற்றியிருந்த துண்டுக் கிழிசல் ரத்தத்தில் ஊறிக் கிடந்தது. புருஷனை இழந்த தங்கச்சி கோமளாவுக்குப் பிறந்த வீட்டுக் கோடியை அண்ணன்தானே போர்த்த வேண்டும்? இந்தப் பாழாய்ப்போன கையாலா!

மாப்பிள்ளை அரங்கசாமி பயிருக்கு மருந்தடிக்கும் விமானம் ஓட்டியவர். அன்னூரில் பாலுசாமியின் பருத்திக்காட்டுக்கு மருந்தடிக்க வேண்டி, முந்தாநாள் மதியம் கம்பெனிக்காரரோடு வந்து சுற்றிப் பார்த்தார்.

"குறுக்கால கம்பி ஏதாச்சும் போகுதுங்களா மச்சான்?"

"ஒண்ணுமில்லீங்க மாப்ளே."

பகலில் இல்லைதான். புதுப் போர்வெல்லுக்குக் கரண்டு கேட்டு எட்டு வருசம் அலைந்து சலித்தவன், ராத்திரியில் மட்டும் கிணற்று மோட்டாரிலிருந்து மூங்கில் நட்டுத் திருட்டுக் கம்பி இழுப்பான். வேற்றாள் முன்னால் அதைச் சொல்லுவானா? மறுநாள் காலை ஏழு மணிக்குத்தானே விமானம், விடிந்ததும் அவிழ்த்துக்கொள்ளலாம் என்றிருந்தான். காற்றுக் கிளம்புமுன் அடித்துவிடலாமென்று அரங்கசாமி ஆறரைக்கே வந்துவிட்டார்.

கம்பியில் மாட்டி விமானம் விழுந்ததும் பாலுசாமி முதலில் அதை நோக்கி ஓடவில்லை. கிணற்று மோட்டாரின் பீஸைப் பிடுங்கினான். அறுந்த கம்பியை வெறுங்கையால் சுருட்டிச் சோளத்தட்டுப் போருக்குள் திணித்தான். அப்புறம்தான் ஓடினான். அந்த நேரத்தில் மாப்பிள்ளைக்கு உயிர் இருந்ததோ என்னவோ!

இழவு வீட்டு வாசலில் கம்பெனிக்காரர் பேசிக்கொண்டிருந்தார். "மரத்துல உரசியிருக்கும்ங்க. கவனிக்காம ஓட்டிட்டாருன்னுதான் ரிப்போர்ட் எழுதுவாங்க."

கோமளா விருட்டென்று நிமிர்ந்தாள். "எங்கூட்டுக்காரரா? எந்தக் காட்டுக்குப் போனாலும் கம்பி இருக்குதான்னு மூணு தடவ கேக்கற மனுசனுங்க! அண்ணா, நீங்க சொல்லுங்ணா. கம்பி கிம்பி இருந்துச்சுங்களா?"

அத்தனை முகமும் பாலுசாமி பக்கம் திரும்பியது. இப்போது சொன்னால் மாப்பிள்ளை பேராவது மிஞ்சும்.

"இல்ல அம்மணி."

கோமளாவின் தோள் தளர்ந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"அவர இழுக்கப் போயித்தான எங்கண்ணன் கை இப்பிடியாயிப் போச்சு!"

"கோடியக் கிழிக்காத கண்ணு" என்று ஒரு கிழவி பதறினாள். அதற்குள் கோமளா புதுச்சேலையின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்திருந்தாள். பழைய கட்டை அவிழ்த்து, வலிக்காமல் சுற்றத் தொடங்கினாள்.

பாலுசாமி கையை நீட்டியபடியே நின்றான்.