கரப்பான் பண்டம்

சகாயராணி டீச்சரின் அடுக்களைக்குள் கத்தரிக்காய் நுழைந்து இரண்டு வருடம் ஆகிறது. கருவாடு, நிலக்கடலை, மீன், முட்டை, பால், கோதுமை, சர்க்கரை என்று ஒவ்வொன்றாக வெளியேறிப் போய், கடைசியில் மிஞ்சியது புழுங்கலரிசியும் பாசிப்பயறும் சுரைக்காயும்தான். எலிகூட ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கும்.

எல்லாம் கைக்காக. விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் கரப்பான் புண் வந்து, சிவந்து, நீர் கோத்து, வெடித்து, ஆறுகிற மாதிரி பாவனை காட்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்கும். காரைக்குடியிலிருந்து தினமும் கல்லலுக்கு பஸ்ஸில் போய் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறவள். பஸ் கம்பியைப் பிடித்தால் எரியும், சாக்பீஸைத் தொட்டால் எரியும். கல்யாணம் ஆகவில்லை, அம்மாவும் போய்ச் சேர்ந்தாயிற்று. எரிகிறது என்று சொல்லிக்கொள்ள வீட்டில் ஆள் கிடையாது.

தோல் டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். இது ஒட்டுவாரொட்டி இல்லை, யாருக்கும் பரவாது. வாசனை சோப்பை விடுங்கள், சுடுதண்ணீரில் கை வைக்காதீர்கள், குளித்த ஈரம் காய்வதற்குள் களிம்பைத் தடவுங்கள். எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள், எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். இந்தக் கடைசி வாக்கியம் மட்டும் டீச்சர் காதில் ஏறவில்லை. கரப்பான் பண்டம் என்று யார் எதைச் சொன்னாலும் நிறுத்தினாள். செல்போனில் ஒருவர் பால் என்றார், பால் போயிற்று. இன்னொருவர் கோதுமை என்றார், அதுவும் போயிற்று. ரத்தம் பார்த்து எழுதிக் கொடுத்த வைட்டமின் டி மாத்திரையோடு, வீடியோவைப் பார்த்து மீனெண்ணெய் மாத்திரையும் வாங்கிக்கொண்டாள். மீனைத் துரத்திவிட்டு மீனெண்ணெயை விழுங்குகிற ஒரே ஆள் அந்தத் தெருவில் அவள்தான்.

இவ்வளவு வைராக்கியம் அரிப்பினால் மட்டும் வந்ததில்லை. பக்கத்து வீட்டு ஞானமணியால் வந்தது.

ஞானமணிக்கு அவளைவிடப் பத்து வயது அதிகம். புருஷன் இல்லை, மகள் திருச்சியில். இரண்டு பெண்களும் நடுச்சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று வருடக்கணக்காகப் பேசித் தீர்த்தவர்கள். தெருக்கோடியில் அந்தோணியார் சுரூபம் வைத்த சின்னக் குகைக்கோயிலான கெபியின் திருவிழாவுக்கு அசனம் உண்டு. சாதி மதம் பார்க்காமல் ஊருக்கே போடுகிற சோறு. முந்தின நாள் சாயங்காலம் கெபிக்குப் பின்னால் கொட்டகையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காய் அரிவார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த வட்டத்தில், அத்தனை பேர் பார்க்க, ராணியின் முன்னாலிருந்த அரிவாள்மனையை ஞானமணி வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "நீ எந்திரி. இந்தக் கையோட தொடாத" என்றாள். எல்லோரும் கையைப் பார்த்தார்கள். ராணி எழுந்து வீட்டுக்கு வந்தவள்தான்.

மறுநாள் ஞானமணி கிண்ணத்தில் மீன்குழம்பு கொண்டுவந்தாள். ராணி வாங்கினாள், தின்னவில்லை. கிண்ணத்தைக் கழுவி நடுச்சுவர் மேல் வைத்துவிட்டாள். அந்த வட்டாரத்தில் வந்த ஏனத்தை வெறுமையாகத் திருப்புகிற வழக்கம் இல்லை; ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கரண்டி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். ராணி வீட்டில் சர்க்கரையும் விலக்கு. ஒரு பிடி அரிசி போட்டிருக்கலாம். கோபத்தில் இருக்கிறவளுக்கு அரிசி எங்கே கண்ணில் படும்? அப்புறம் கடலைமிட்டாய் வந்தது, கிறிஸ்துமஸுக்கு அதிரசம் வந்தது. ஒவ்வொரு தடவையும் கிண்ணம் வெறும் கிண்ணமாகவே சுவரேறியது. பிறகு எதுவும் வரவில்லை.

ராணி தனியே பொங்கி, தனியே தின்று, சம்பளத்தை எல்லாம் களிம்புக்கும் மாத்திரைக்கும் கொட்டினாள். கல்யாண வீடுகளுக்குப் போவதை விட்டாள். பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்கள் டப்பாக்களை நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்கையில் இவள் ஜன்னலோரம் திரும்பி உட்கார்ந்து சுரைக்காயை மென்றாள். அழுகை வரும் நாட்களில் கன்னத்தைத் துடைக்கக்கூட யோசனை. கண்ணீர் பட்டாலும் எரியும்.

ஆனால் கை ஆறியது. சோப்பை விட்டதா, விடாமல் தடவியதா, மாத்திரையா, பத்தியமா, எது கேட்டது என்று அவளுக்கே தெரியாது. இந்த வருடம் திருவிழாக் கொடி ஏறியபோது விரலிடுக்கெல்லாம் வழவழவென்று இருந்தது. அவளுக்கு இப்போது ஒன்றே ஒன்றுதான் வேண்டும். அந்த வட்டத்தில் போய் உட்கார வேண்டும். இந்தக் கையை ஞானமணி பார்க்க வேண்டும்.

அசனத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் கொட்டகைக்குப் போனாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பொன்னுத்தாயி பதறி எழுந்தாள்.

"வாங்க டீச்சர். தரையில எப்புடி உக்காருவீக? சேரு கொண்டாரேன் இருங்க."

பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. வட்டத்துக்கு வெளியே போட்டார்கள். இன்னொருத்தி டீ கொண்டுவந்து நீட்டப் போய், "பால் குடிக்க மாட்டீகள்ல?" என்று தானே திருப்பி எடுத்துக்கொண்டாள். மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. ஊருக்குப் புதிதாக வந்த ஆபீஸரை வைத்திருப்பதுபோல வைத்திருந்தார்கள். ராணி நாற்காலியைத் தள்ளிவிட்டு, ஞானமணிக்குப் பக்கத்தில் தரையில் போய் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் விரித்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாருங்கக்கா. இப்பத் தொடலாமா?"

ஞானமணி அரிவாள்மனையை நிறுத்தவில்லை. "அன்னைக்கு ஒன் விரல்ல ரத்தம் வடிஞ்சுச்சு. வெங்காயச் சாறு பட்டாத் துடிச்சுப் போவியேன்னு புடுங்குனேன். பேசத் தெரியாமப் பேசிட்டேன். அதுக்குத்தான மறுநாளு கொழம்பத் தூக்கிட்டு ஓடியாந்தேன்."

"நாலு பேருக்கு முன்னால சொன்னீகளேக்கா."

"சொன்னேன். நீ வெறும் கிண்ணத்தக் குடுத்த. ஒருக்கா இல்ல, ஒவ்வொருக்காவும். இந்த வீட்டுல ஒனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்ற மாதிரி."

"எங்க வீட்ல ஒண்ணுமே இல்லக்கா. சர்க்கரைகூட இல்ல."

"அத ஒரு வார்த்த சொல்லலாம்ல?"

ராணி நீட்டியிருந்த கைகளை மடியில் இறக்கினாள். கை அழுகுவதுபோல் இருந்த நாளில் கோபம் ஒன்றுதான் அவளுக்குத் துணையாக இருந்தது. அதை விட மனசு வரவில்லை. வட்டத்தில் எல்லோரும் காயையே பார்த்துக்கொண்டு அரிந்தார்கள்.

"திங்கக்கெழம திருச்சிக்குப் போறேன்" என்றாள் ஞானமணி. "மக ரொம்ப நாளாக் கூப்புட்டுக்கிட்டே இருந்தா. நாந்தான் மாட்டேன்னு இருந்தேன். பேச்சுத்தொணை இல்லாத வீட்டுல எம்புட்டு நாளைக்குச் சுவத்தையே பாத்துக்கிட்டுக் கெடக்குறது? போன மாசந்தான் சரின்னேன். வீட்ட வாடகைக்கு விட்டாச்சு."

போன மாதம் கை முக்கால்வாசி ஆறியிருந்தது. முழுசும் ஆறட்டும், அப்புறம் போய்க் காட்டலாம் என்று ராணி களிம்பைத் தடவிக்கொண்டு காத்திருந்த மாதம் அது.

அப்போதுதான் ஞானமணி அரிவதை நிறுத்தினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ராணியின் கையைப் பிடித்து இழுத்தாள். விரலிடுக்கை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்து, கட்டைவிரலால் மெதுவாகத் தடவினாள். டாக்டரைத் தவிர இரண்டு வருடமாக அந்தக் கையை யாரும் தொட்டதில்லை.

"நல்லா ஆயிருச்சுத்தா" என்றாள். ஒரு முறத்தில் அரிசியைக் கொட்டி ராணி பக்கம் தள்ளினாள். "வெங்காயப் பக்கம் போவாத. இதுல கல்லு பொறுக்கு."

மறுநாள் அசனத்தில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை வேன் வந்தது. சாமான் ஏற்ற ஆள் போதவில்லை. ராணி பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு வந்து பீரோவின் ஒரு மூலையைப் பிடித்தாள், பெட்டிகளைத் தூக்கிக் கொடுத்தாள், கயிற்றை இழுத்துக் கட்டினாள். கை கொஞ்சமும் எரியவில்லை. எரிந்திருந்தால் அதைச் சாக்காக வைத்தாவது அழுதிருக்கலாம்.